கொள்ளு வேகவைப்பவளின் மகள்

தோழிகளே, தோழர்களே, நம் பள்ளிக்கூடக் குழுவில் நீங்கள் போட்ட அழைப்பிதழ் மாதிரியைப் பார்த்தேன். என் பெயருக்கு மேலே "துப்பறியும் சிறுமியைப் பெற்றெடுத்த தாய்" என்று போட்டிருக்கிறீர்கள். படத்தை எங்கிருந்து பிடித்தீர்களோ, பத்து வயது குறைத்துக் காட்டுகிறது. அதற்கு நன்றி. ஆனால் அந்தத் "தாய்" என்ற வார்த்தை அச்சுக்குப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள். விழா மலருக்குச் சின்ன வயது நினைவு ஒன்று கேட்டீர்கள் அல்லவா, இதுதான் அது. கொஞ்சம் நீளம். நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. மத்தியானத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படிக்கலாம்.

என் புத்தகங்களைப் படிக்காமலேயே என்னைப் பாராட்டியவர்களுக்காக (யார் யார் என்று எனக்குத் தெரியும்) ஒரு சிறு விளக்கம். நம் ஊரை ஆண்ட பிள்ளையில்லாத ராஜாவின் காலத்தில் நடக்கும் கதைகள் அவை. அரண்மனைக் குதிரைகளுக்குக் கொள்ளு வேகவைக்கும் ஒருத்தி. அவளுடைய பத்து வயது மகள்தான் துப்பறிபவள். கொள்ளு நாற்றமடிக்கும் பாவாடையோடு லாயத்தில் சுற்றுகிற பெண்ணை யார் கவனிப்பார்கள்? அவள் முன்னால் எல்லாரும் எல்லாவற்றையும் பேசுவார்கள். காணாமல் போன முத்திரை மோதிரத்தையும், விஷம் வைத்த தாம்பூலத்தையும் அவள்தான் கண்டுபிடிப்பாள். ஏழு புத்தகம் வந்துவிட்டது. பள்ளிக்கூடங்களுக்குப் போனால் பிள்ளைகள், "இவ உங்களுக்கு எப்படிக் கெடச்சா மிஸ்?" என்று கேட்கிறார்கள். "மலையைப் பாத்துக்கிட்டே இருந்தேன், வந்துட்டா" என்று சொல்லிப் பழகிவிட்டேன். கைதட்டுவார்கள். அது பொய்.

நாம் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம். ஈசானிய குளத்துக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. ஓட்டு வீடு, முன்னால் ஒரு கூடம், பின்னால் குளியலறை, அதன் சுவரில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு மாடம். எதிர்வீட்டில் ஒரு போலீஸ்காரர் இருந்தார். மஃப்டியில் இருக்கும்போதும் மீசையைப் பார்த்தால் தெரியும். ஆவணியில் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி, சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். சீராக வந்தவை ஒரு தகரப் பெட்டியும், ஒரு மூட்டை வேர்க்கடலையும். பாத்திரங்களும் வந்தன, அவை எனக்கு நினைவில்லை. சித்தப்பா லாரி ஓட்டினார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் ஜாஸ்தி.

தகரப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் கதைகள் இருந்தன. பத்திரிகைகளிலிருந்து கிழித்து, சணல் கயிற்றால் தைத்து, சிமெண்டுப் பை காகிதத்தில் அட்டை போட்டவை. அத்தனையும் துப்பறியும் கதைகள். பூச்சி வராமலிருக்கப் போட்ட வேப்பிலையும் புதுப் புடவையும் கலந்த ஒரு வாசனை அதில் அடிக்கும். இப்போதும் புதுப் புத்தகத்தைப் பிரித்தால் அந்த வாசனையைத்தான் மூக்கு தேடுகிறது. அம்மா ஒரு நாள் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் படிச்சிக்கினு இருந்தா அடுப்பு யாரு பாக்கறது?" என்றாள். சித்தி சிரித்துக்கொண்டே மூடி வைத்தார்.

மத்தியான வேளைகளில் சித்தியும் நானும் கூடத்தில் முறத்தை நடுவில் வைத்துக் கடலை உரிப்போம். உரிக்க உரிக்கச் சித்தி கதை சொல்வார். பெட்டியில் இருந்த கதைகள் கார்த்திகை தீபத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டன. அதற்குப் பிறகு சித்தியே சொந்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். கொள்ளு வேகவைப்பவளின் மகள் அந்த முறத்தைச் சுற்றித்தான் பிறந்தாள். சந்தேகப்படும் ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு தோலைத் தரையில் வைப்பார். இது சேனாதிபதி, இது சமையல்காரன், இது ராணியின் தோழி. ஒவ்வொன்றாக என்னை எடுத்துப் போடச் சொல்வார். மிஞ்சுகிற தோல்தான் குற்றவாளி.

ஆனால் கதையின் முடிவு மட்டும் எனக்குப் பிடிக்காது. கண்டுபிடித்தவுடன் அந்தப் பெண் நேரே ராஜாவிடம் ஓட மாட்டாள். குற்றவாளியைத் தனியாகப் பார்த்து, அவர் காதில் முதலில் சொல்வாள்.

"ஏன் சித்தி, ராஜாகிட்டயே சொல்லிட்டா என்ன?"

"ராஜாகிட்டப் போயிட்டா அப்புறம் அந்த ஆளு வாயத் தொறக்க முடியாது கண்ணு. அவன் பக்கத்துல என்ன இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு இது சப்பென்று இருந்தது. சபை கூடியிருக்க வேண்டும், எல்லார் முன்னாலும் கையை நீட்டிச் சொல்ல வேண்டும். அதில்தானே ருசி?

அந்த ருசியை நான் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். வெற்றிலை போடுவதை விட்டுவிட்டதாக அப்பா அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தார். அவர் சட்டைப் பையின் உள்பக்கத்தில் சுண்ணாம்புக் கறை இருந்ததைக் கண்டுபிடித்து, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அறிவித்தேன். அம்மா குழம்புக் கரண்டியை வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. விஷயம் எதிர்வீடு வரைக்கும் போய், போலீஸ்காரர் எனக்கு "சி.ஐ.டி." என்று பெயர் வைத்தார். நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன். சித்தி மட்டும் தலை பின்னிவிடும்போது, "ஒங்கப்பா காதுல சொல்லியிருக்கலாமேடி" என்றார்.

சித்தி ஒரு தடவை அப்பாவிடம் கேட்டார். அதுவும் சாப்பாட்டு நேரம்தான். சித்தப்பாவும் இருந்தார். "மாமா, நான் ஒரு கதை எழுதியிருக்கேன். பத்திரிகைக்கு அனுப்பிப் பாக்கட்டுமா?" அப்பா கெட்டவர் இல்லை. சிரித்தார், அவ்வளவுதான். "நம்ம வீட்டு மருமக பேரு ஊர்ல கண்டவன் கையிலல்லாம் பொரளணுமா?" என்றார். சித்தப்பாவும், "லாரி ஷெட்டுல என்னை ஓட்டியே கொன்னுருவானுங்க" என்றார். சித்தி "சரிங்க" என்று மோர் ஊற்றினார். பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. எனக்கும் மறந்துவிட்டது.

அப்புறம் தைப்பூசம் வந்தது.

தைப்பூசத்தன்று சாமி ஈசானிய குளத்துக்குத் தீர்த்தவாரிக்குப் போவது உங்களுக்குத் தெரியும். போகும்போது மேளமும் தாளமுமாக அமர்க்களமாகப் போவார். குளித்துவிட்டுத் திரும்பும்போது, ராஜா போர்க்களத்தில் இறந்துபோனார் என்ற சேதி சாமிக்குச் சொல்லப்படும். பிள்ளையில்லாத ராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளை. அப்பா செத்த வீட்டில் மேளம் எது? அதோடு வாத்தியம் நின்றுவிடும். சாமி சத்தமே இல்லாமல் கோயிலுக்குத் திரும்புவார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் ராஜாவுக்குத் திதி கொடுப்பார். நமக்கு இது சோறு தண்ணீர் மாதிரி பழகியது. வெளியூரில் பிறந்து, இந்த ஊரில் முதல் தைப்பூசம் பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

அன்று அப்பாவும் அம்மாவும் நானும் குளத்துக்குப் போனோம். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சித்தி இருந்தார். சேதி சொல்லப்பட்டு மேளம் சட்டென்று நின்றது. கூட்டத்தின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நான் அப்பா கையை இழுத்து, "ராஜாவ யாருப்பா கொன்னது? ஏன் யாருமே கேக்கல?" என்றேன். அப்பா வாயைப் பொத்தினார். வழியெல்லாம் அதே யோசனையில் வந்தேன். எனக்கு அன்றைக்கு ஒரு குற்றவாளி வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் கிடைத்துவிட்டது.

காலையில் தலைக்குக் குளிக்கும்போது அம்மா தன் சிவப்புக்கல் தோட்டைக் கழற்றிக் குளியலறை மாடத்தில் வைத்திருந்தாள். அவசரத்தில் போட மறந்து, காதில் வேப்பங்குச்சியோடு குளத்துக்கு வந்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால் மாடத்தில் ஒரு தோடுதான் இருந்தது. அம்மாவுக்கு அவள் அம்மா கொடுத்த தோடு அது. வீட்டையே புரட்டினோம். சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டுப் போலீஸ்காரர் வாசற்படியில் நின்றபடி, "நடுவுல உங்க வீடு பூட்டிக் கெடந்துச்சே" என்றார்.

அம்மா சித்தியைப் பார்த்தாள். "எங்க போயிருந்த?"

"தெருமுனை வரைக்கும்தாங்க்கா. சாமி திரும்பி வரும்போது மேளச் சத்தம் கேட்டுச்சு. ஓடிப்போய்க் கும்பிட்டுட்டு ஒடனே வந்துட்டேன்."

அம்மா, "செத்த நேரம்தானே" என்று முனகியபடி மறுபடி பாய்க்கு அடியில் தேடப் போனாள். பதற்றத்தில் அம்மாவும் அதைக் கவனிக்கவில்லை, அப்பாவும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஒவ்வொரு தோலாக எடுத்துப் போட்டு, கடைசித் தோலைக் கையில் பிடித்த சந்தோஷம் எனக்கு. கூடத்தின் நடுவில் வந்து நின்று, கையை நீட்டினேன்.

"சித்தி பொய் சொல்றாங்க. இன்னிக்குத் திரும்பும்போது மேளமே கெடையாது."

சித்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் இத்தனை வருஷம் அதைச் சுமந்திருக்க மாட்டேன். "அட, இவ கத்துக்கிட்டாளே" என்கிற மாதிரி ஒரு கணம் கண் விரிந்தது. பிறகு தலை குனிந்தார்.

"சபாஷ்! என்னா மூளை பாரு!" என்றார் போலீஸ்காரர்.

அப்பா மெதுவாகத்தான் கேட்டார். "எங்கம்மா போன? சொல்லிட்டா முடிஞ்சிது."

"அத மட்டும் கேக்காதீங்க மாமா. தோட்ட நான் எடுக்கல."

அம்மா தகரப் பெட்டியைக் கூடத்துக்கு இழுத்துவந்து கவிழ்த்தாள். புடவைகள், வேப்பிலை, சணல் தைத்த கதைகள் எல்லாம் தரையில் விழுந்தன. தோடு இல்லை. "அப்பன் வீட்டுக்குக் குடுத்து அனுப்பியிருப்பா" என்றாள் அம்மா. இரண்டாம் நாள் சித்தியின் அப்பா வந்தார். எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார், சித்தி பின்னால் போனார், கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினார்கள். போலீஸ்காரர் தேரடிக் கடையில் எனக்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கித் தந்தார். சிவப்புப் பிடி போட்டது. அதை வைத்துக்கொண்டு எறும்புகளைப் பார்த்தேன். மிச்சக் கடலை மூட்டை மூலையில் கிடந்தது. யாரும் உரிக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, தலை தேய்க்கச் சீயக்காய் டப்பாவுக்குள் கையை விட்ட அம்மாவின் விரலில் தோடு தட்டுப்பட்டது. மாடத்திலிருந்து உருண்டு, கீழே திறந்திருந்த டப்பாவுக்குள் விழுந்திருக்கிறது. ஈரத் தரையிலேயே அம்மா உட்கார்ந்துவிட்டாள். பிறகு அதைக் கழுவி மாட்டிக்கொண்டு வெளியே வந்து, "அலமாரிக்கு அடியில கெடந்துச்சு" என்றாள். பார்த்தது நான் ஒருத்திதான். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அப்போது அவள் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன். இப்போது புரிகிறது, அவளுக்கு வெட்கம். தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்த பெரியவர்களுக்கு வருகிற வெட்கம் அவர்களை இன்னும் விறைப்பாக்கிவிடுகிறது. அப்பா சித்தப்பாவுக்கு ஒரு கார்டு போட்டார். "தோடு கிடைத்தது" என்று மட்டும். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. சித்தப்பா லாரியை நேரே கீழ்பென்னாத்தூருக்கு விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குச் சாவுக்குத்தான் வந்தார்.

மாசி மகம். அப்பாவும் அம்மாவும் ராஜாவுக்குச் சாமி திதி கொடுப்பதைப் பார்க்கப் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போயிருந்தார்கள். எனக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தேன். தபால்காரர் ஒரு தடித்த கவரை ஜன்னல் வழியாகப் போட்டார். மேலே சித்தியின் பெயர், எங்கள் வீட்டு விலாசம், எழுத்தும் சித்தியின் எழுத்து. கதை திரும்பி வருவதற்காக எழுதுகிறவரே விலாசம் எழுதி வைத்தனுப்பும் கவர் அது என்று பின்னால்தான் தெரிந்தது. பிரித்தேன். "வெளியிட இயலாமைக்கு வருந்துகிறோம்" என்று அச்சடித்த ஒரு துண்டுத்தாள். அதற்குக் கீழே பதினாறு பக்கம், நீல மசி. முதல் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி, அதன் பக்கத்தில் தேதிக்குப் பதில் "தைப்பூசம்" என்று எழுதியிருந்தது. கொள்ளு வேகவைப்பவளின் மகள் முதல் வரியிலேயே வந்து நின்றாள்.

காய்ச்சல் தலைக்கும் புரிந்துவிட்டது. சித்தி அன்றைக்குத் தபாலாபீசுக்குப் போயிருக்கிறார். வீட்டில் யாரும் இல்லாத ஒரே நாள் அது. சொன்னால் கதை போய்விடும், சொல்லாவிட்டால் திருடி. அவர் கதையைக் காப்பாற்றினார். அந்தக் கதையும் திரும்பி வந்துவிட்டது.

அப்பாவிடம் அன்று மாலையே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் நான் சி.ஐ.டி. இல்லை என்று ஆகிவிடும். கவரைப் பள்ளிக்கூடப் பெட்டியின் அடிக் காகிதத்துக்குக் கீழே ஒளித்து வைத்தேன். பூதக்கண்ணாடியை எங்கேயோ தொலைத்துவிட்டேன். கவரைத் தொலைக்கவில்லை. படிப்பு, வேலை, கல்யாணம், மூன்று வாடகை வீடு, எல்லாவற்றிலும் அது என்னோடு வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் அதை எடுத்துப் பிரித்தேன். திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்தேன், நம்புங்கள். படித்துக்கொண்டே வந்தபோது அந்தப் பெண் என்னை விடவில்லை. என் முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயம் ஏறக்குறைய அந்தப் பதினாறு பக்கம்தான். முடிவை மட்டும் மாற்றினேன். என் புத்தகத்தில் அவள் நேரே ராஜசபைக்குப் போய்க் கையை நீட்டுகிறாள். மற்ற ஆறு புத்தகத்திலும் அப்படித்தான்.

உங்கள் அழைப்பிதழைப் பார்த்த மறுநாள் கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினேன். அப்பா, அம்மா, சித்தப்பா யாரும் இப்போது இல்லை. சித்தி மகன் வீட்டில் இருக்கிறார். முடி முழுக்க வெள்ளை. காது கொஞ்சம் மந்தம், கண் அப்படியே இருக்கிறது. என்னைப் பார்த்ததும், "வா சி.ஐ.டி." என்றார்.

பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துபோய், கவரை எடுத்துச் சித்தி மடியில் வைத்தேன். காலில் விழுந்தேன். அழுதேன். "ஒங்களத் திருடின்னு சொல்ல வெச்சவ நான். கடைசியில நான்தான் சித்தி திருடி" என்றேன்.

சித்தி கவரைத் தடவிப் பார்த்தார். பிரிக்கவில்லை. எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். என் ஏழு புத்தகங்களும் அங்கே வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் பழுப்புக் காகித அட்டை. நடுவில் வேப்பிலை.

"பேத்தி இஸ்கூல்ல பரிசாக் குடுத்தாங்க, மொதப் புஸ்தகத்த. ரெண்டாவது வரியில கொள்ளு வாசன வந்துது. தெரிஞ்சிக்கினேன்."

"அப்பவே தெரியுமா? ஏன் சித்தி யார்கிட்டயும் சொல்லல? ஒரு லெட்டர் போட்டிருந்தா பதிப்பகத்துல என்னை..."

"யார்கிட்ட சொல்றது? மொதல்ல ஒன் காதுலதானே சொல்லணும்." சித்தி என் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீ வருவ வருவன்னு இருந்தேன். இப்பத்தான் வந்த."

பேத்தி தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

ஆகவே நண்பர்களே, விழாவை நிறுத்த வேண்டாம். "தாய்" என்ற வார்த்தைக்குக் கீழே சித்தியின் பெயரைப் போடுங்கள். படத்தை இதோடு அனுப்புகிறேன். அடுத்த பதிப்பில் அட்டையிலும் அந்தப் பெயர்தான் முதலில் வரும், பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன். எட்டாவது புத்தகத்தின் முடிவைச் சித்தி சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். மேடையில் என் நாற்காலியை ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள், நடுவில் அவர் உட்காரட்டும். ஊர்வலமாக அழைத்துப்போக மேளம் சொல்லியிருக்கிறீர்களாமே. அதைச் சொன்னதும் சித்தி வாய்விட்டுச் சிரித்தார்.

"போவும்போது வாசிப்பாங்க, சரி. திரும்பும்போது?"

மேளக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். திரும்பும்போதும் வாசிக்க வேண்டும்.